வணிகவியல் வகுப்பில் பகுதிநேர ஆசிரியர்கள்: எங்கள் நிலைப்பாடு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்குத் தொழிலில் இருப்பவர்கள் நேரில் வந்து பாடம் நடத்துவதை எங்கள் சங்கம் வரவேற்கிறது. ஆடிட்டர், அரிசி ஆலைக் கணக்கர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று இதற்குத் தகுந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை அடைக்க அவர்களைப் பயன்படுத்துவதை மட்டும் எதிர்க்கிறோம். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதிலிருந்தே பிறக்கின்றன.

சங்கத்தில் நிரந்தரப் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், ஆடிட்டர்கள், கல்லூரி வாசலை மிதித்துப் பல காலம் ஆன ஆலை உரிமையாளர்கள் எல்லோரும் உண்டு. இந்த அறிக்கையின் எல்லா வரிக்கும் எல்லோரும் தலையாட்டவில்லை. ஒத்துப்போகாத இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் இப்போதைய நிலை. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை செய்கிறார்கள். கடைசியாக உயர்த்திய பிறகு அவர்களுடைய தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் சம்பளம். மே மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். அந்தச் சுமையை வைத்துக் கணக்கிட்டால் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 400 ரூபாய்க்கும் குறைவு. அதே மானியக் குழு 2019 ஜனவரியில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று அறிவித்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700, படிகள் தனி.

2018 விதிமுறை இன்னொன்றையும் சொல்கிறது. தவிர்க்க முடியாதபோது மட்டுமே ஒப்பந்த ஆசிரியரை எடுக்கலாம், மொத்தப் பணியிடத்தில் அவர்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையாமல் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் எந்த அளவுக்குக் காற்றில் விடப்பட்டிருக்கின்றன என்பதை இரண்டாம் சுழற்சி வகுப்புகள் நடக்கும் எந்த அரசுக் கல்லூரியிலும் மதியத்துக்கு மேல் ஒருமுறை சுற்றிவந்தால் பார்த்துவிடலாம். வணிகவியல் துறையில் இது இன்னும் கூர்மை. எல்லாக் கல்லூரியிலும் விண்ணப்பம் குவியும் படிப்பு பி.காம்.; வகுப்பு நிரம்பி வழிகிறது, ஆசிரியர் எண்ணிக்கை மட்டும் அசைவதில்லை.

2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்ட் 4 அன்று நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025-இல் வந்த புதிய அறிவிப்பில் எண்ணிக்கை 2,708. நெட், செட் தேறி, முனைவர் பட்டமும் வாங்கி, நாற்பதைத் தாண்டியும் காத்திருக்கும் ஒருவரிடம் போய், வெளியாட்கள் வந்து பாடம் நடத்தப் போகிறார்கள் என்று சொன்னால் அவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும். எங்கள் சங்கத்துக் கௌரவ விரிவுரையாளர்களே அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்பதால்தான், நிரந்தரப் பணியிடங்களை நிரப்பு என்ற கோரிக்கையை மற்றதற்கெல்லாம் முன்னால் வைக்கிறோம்.

அப்படியானால் தொழிலில் இருப்பவர்கள் எதற்கு? அடக்கவிலைக் கணக்கியல் தாளை எடுத்துக்கொள்வோம். செயல்முறை அடக்கவிலை என்ற அத்தியாயத்தில் இயல்பு நட்டம், இயல்பிலா நட்டம், துணைப் பொருள் எல்லாம் வரும். கணக்குப் புத்தகத்தில் வருவதோ ஒரு ரசாயனத் தொழிற்சாலை, மூன்று செயல்முறைகள், ‘அ’ பொருள், ‘ஆ’ பொருள். மாணவர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அரிசி ஆலை ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆலையின் கணக்கர் வந்தால் எங்கிருந்து தொடங்குவார்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் வரைக்கும் நெல் எடுக்கிறார்கள். அந்த நெல்லை 14 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் 100 கிலோ ஏறக்குறைய 96.5 கிலோ ஆகிவிடும். யாரும் திருடவில்லை, சிந்தவும் இல்லை. மூன்றரைக் கிலோ தண்ணீராகப் போய்விட்டது. இயல்பு நட்டம் என்றால் என்ன என்று இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திறந்தவெளியில் அடுக்கிய சிப்பங்கள் அக்டோபர் மழையில் நனைந்து முளைவிட்டால் அது இயல்பிலா நட்டம். அதை யார் தலையில் எழுதுவது என்பது அடுத்த வகுப்பு. அரசுக்காக அரைக்கும் ஆலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சத்தில் தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது, குருணை மாவுக்கும் தீவனத்துக்கும் போகிறது, உமி கொதிகலன் அடுப்புக்குத் திரும்பி வருகிறது. தன் அடுப்புக்கே வந்த உமிக்கு என்ன விலை போடுவது? இந்த ஒரு கேள்வியில் துணைப் பொருள் கணக்கியல் முழுவதும் அடங்கிவிடும். தஞ்சாவூர்க் கிடங்குகளிலிருந்து சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்கு நெல் அரவைக்குப் போவதையும் சேர்த்துக்கொண்டால் சரக்குப் போக்குவரத்து மேலாண்மைக்கும் தனிப் பாடம் தயார்.

வரிச் சட்டத்திலும் இதே கதை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்குமான, முன்கூட்டியே பொட்டலமிட்டு முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. அது ஏன் சட்டப்படி சரி, அதனால் சில்லறைக் கடைக்காரருக்கு என்ன மாறியது, மாதச் சாமானை ஐந்து கிலோவாக வாங்கும் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பதை ஒரு ஆலை ஆடிட்டர் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிப்பார். பாடநூல் இந்த வேகத்துக்கு ஓடி வராது; அது பாடநூலின் குற்றமும் ஆகாது.

கூட்டுறவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பில் அந்தத் தொகை விவசாயியின் பெயரிலிருந்து அரசின் பெயருக்கு எப்படி மாறுகிறது, அரசுப் பணம் தவணையாக வரும் வரை சங்கம் புதுக்கடனுக்குப் பணத்தை எங்கே தேடுகிறது என்பதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1904-இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் கும்பகோணத்தையே தலைமையகமாக வைத்திருக்கிறது. நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளும் சுவாமிமலைச் சிற்பக்கூடங்களும் புவிசார் குறியீட்டை வைத்து விற்பனை செய்கின்றன. திருச்சியில் 1984-இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே பெல் போன்ற ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. நூறு சிறிய கல்லாப்பெட்டிகள் இருக்கின்றன. வணிகம் கற்க அது குறைவான இடம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த தொழில்முறைப் பேராசிரியர் திட்டம் இதற்குப் போதாதா என்று கேட்கலாம். முனைவர் பட்டம் தேவையில்லை, 15 ஆண்டு அனுபவம் போதும், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து விழுக்காடு வரைக்கும் எடுக்கலாம், மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது அந்தத் திட்டம். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பெரிய நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. அம்மாபேட்டை கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர் தன்னைப் பேராசிரியர் என்று சொல்லி விண்ணப்பம் போடுவாரா? வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டு வரவும் அவரால் முடியாது. அவரால் முடிந்தது பருவத்துக்கு இருபது மணி நேரம். அதற்கு இடம் செய்து கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அந்த இருபது மணி நேரம், துறையின் பணிச்சுமைக் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டும். எந்த ஆசிரியரின் 16 மணியிலிருந்தும் அதைக் கழிக்கக் கூடாது. அடக்கவிலை, வரி, கூட்டுறவு, கிராமப்புறச் சந்தை போன்ற தாள்களில் ஓர் அலகை மட்டும் வெளியாள் நடத்துவார். தாளின் பொறுப்பு துறை ஆசிரியரிடமே இருக்கும், வகுப்பில் அவரும் உட்கார்ந்திருப்பார். மணிக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாத மதிப்பூதியம், பயணச் செலவு தனி. தஞ்சாவூர் ஆடிட்டர் 1,500 ரூபாய்க்காக மன்னார்குடிக்குப் பேருந்து ஏற மாட்டார், மரியாதைக்காக வருவார். ஆனால் மரியாதை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கும் பழக்கத்துக்கு நாங்கள் துணைபோக மாட்டோம். அதே விகிதம் கௌரவ விரிவுரையாளருக்கும் மானியக் குழு சொன்ன 50,000 உச்சவரம்பு வரைக்கும் கிடைக்க வேண்டும். வெளியாளுக்கு 1,500, அன்றாடம் வகுப்பைத் தாங்குகிறவருக்கு 400 என்றால் ஒரே ஆசிரியர் அறையில் இருவரும் எப்படித் தேநீர் குடிப்பார்கள்?

கால அட்டவணையை இந்த மண்ணின் நாட்காட்டியைப் பார்த்துப் போட வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில். அப்போது ஆலைக்காரரையும் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தரையும் வகுப்புக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. மாணவர்களை அங்கே அனுப்பலாம். ஆடிட்டர்களுக்கு ஜூலைக் கடைசியும் செப்டம்பர்க் கடைசியும் தூக்கமில்லாத நாட்கள். ஆகவே வாரம் ஒரு மணி என்று பருவம் முழுக்க இழுக்காமல், இரண்டு வாரத்தில் முடியும்படி சேர்த்து நடத்த அனுமதி வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில்தான் எங்களுக்குள் பிளவு. வெளியாளின் அலகுக்கு அக மதிப்பீட்டில் ஒரு பங்கு கொடுக்காவிட்டால் மாணவர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மதிப்பெண் அதிகாரம் பயிற்சி பெற்ற ஆசிரியரை விட்டுப் போகக் கூடாது என்கிறார்கள் மறுசாரார். பெரும்பான்மை முதல் பக்கம் நின்றது. வெளியாள் பரிந்துரைக்கலாம், துறை ஆசிரியர் கையெழுத்திட வேண்டும் என்பது முடிவு.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது. பத்தாண்டு தொழில் அனுபவமும், தமிழில் எளிமையாகப் பேசும் திறமும், துறை ஆசிரியர்கள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பும் போதும். தமிழ்வழியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே இங்கே அதிகம் என்பதால் ஆங்கிலத்தில் படவில்லைகளை ஓட்டிவிட்டுப் போகிறவர்கள் வேண்டாம். வகுப்பறைக்குள் இன்சூரன்ஸ் பாலிசி பிடிப்பது, சீட்டு சேர்ப்பது, சம்பளமில்லாத எடுபிடிகளைத் தேடுவது மூன்றும் கூடாது. சிரிக்க வேண்டாம், அனுபவத்தில்தான் எழுதுகிறோம்.

2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்திருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் சில சுயநிதிக் கல்லூரிகள் வருகைதரும் வெளியாட்களையும் பட்டியலில் சேர்த்துக் கணக்குக் காட்ட முயலும். எங்கள் உறுப்பினர் எவரும் அப்படித் தம் பெயரைக் கொடுக்க மாட்டார்.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வணிகவியல், மேலாண்மைப் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கல்வியாண்டுக்கு முன் இதற்கு விதி வகுக்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளில் தலா ஒரு தாளில் தொடங்கினால் போதும். வர விருப்பமுள்ள ஆடிட்டர்கள், ஆலைக் கணக்கர்கள், கூட்டுறவுப் பணியாளர்களின் பட்டியலை நாங்களே தயாரித்துக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலைக் காட்டி ஒரு கௌரவ விரிவுரையாளரின் வகுப்பு ஒன்றையேனும் ஒரு கல்லூரி குறைத்தால், அந்தக் கல்லூரிக்குக் கொடுத்த பெயர்கள் அத்தனையையும் அன்றே திரும்பப் பெறுவோம்.