எந்த நாவலைத் தேர்ந்தெடுப்பது?

நான்காம் படிவ மாணவர்களுக்கு ஓர் இடுபணி வழங்கப்படுகிறது. சிறந்த தமிழ் நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரங்களுக்குள் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அன்று மாலையே வகுப்பின் புலனக் குழுவில் கேள்விகள் குவிகின்றன. “எந்த நாவலில் பக்கம் குறைவு?”, “எதற்கு இணையத்தில் கதைச்சுருக்கம் கிடைக்கும்?”, “எது படமாக வந்திருக்கிறது?” என்று ஆளாளுக்குக் கேட்கின்றனர். அந்த நாவல் எதைப் பற்றியது என்று கேட்பவர் அரிதாகவே உள்ளனர்.

இவ்வாறு கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வது முறையன்று. மற்றப் பாடங்களும் புறப்பாட நடவடிக்கைகளும் அவர்களின் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எனினும், குறுக்குவழியாகத் தோன்றுவது பல வேளைகளில் சுற்றுவழியாக முடிந்துவிடுகிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல் ஐந்து பாகங்களைக் கொண்டது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இது இரண்டு திரைப்படங்களாக வெளிவந்தது. படத்தைப் பார்த்தாலே போதும் என்று எண்ணும் மாணவர், நாவலின் முடிவைப் பற்றி எழுதும்போது மாட்டிக்கொள்வார். நாவலில், பூக்கட்டிக் கொடுத்து எளிமையாக வாழும் சேந்தன் அமுதனே உண்மையான இளவரசர் எனத் தெரியவந்து, உத்தம சோழராக முடிசூடுகிறார். படத்தின் முடிவு அவ்வாறு அமையவில்லை. ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

அதற்காக, இந்நாவலைத் தொடவே கூடாது என்பதில்லை. இரண்டாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலை ஆறு வாரங்களில் முடிக்க வேண்டுமென்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது பக்கங்கள் வாசிக்க வேண்டும். கட்டுரை எழுதுவதற்கான நாள்களையும் இதிலிருந்தே ஒதுக்க வேண்டும். வாசிப்புப் பழக்கம் உள்ளவருக்கு இது இன்பமான பணியாகும். மற்றவர்களோ இரண்டாம் பாகத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப் போவார்கள். ஆகவே, ஒரு நாவலின் புகழை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், தம் ஆற்றலையும் நேரத்தையும் எண்ணிப் பார்ப்பது அறிவுடைமையாகும்.

ஆயினும், பக்க எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வாசிப்பவரின் உள்ளத்தில் நாவல் எழுப்பும் கேள்வியே அது. மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. அறிவும் அழகும் நிறைந்த சந்திரன் தடுமாறி வீழ்வதையும், அவன் நண்பன் வேலய்யன் நிதானமாக உயர்வதையும் அந்நாவல் கூறுகிறது. ஒழுக்கமே உயர்வு தரும் என்று படிப்பினையை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்பவர் பலர். ஆனால், அக்கதை முழுவதையும் வேலய்யனே சொல்கிறான். சந்திரன் தன் கதையைத் தானே சொல்லியிருந்தால், வாசகர்கள் அவனை இதே போலத்தான் மதிப்பிட்டிருப்பார்களா? இப்படி ஒரு கேள்வி எழுந்துவிட்டால், பாத்திரப்படைப்பு, நோக்குநிலை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கு மாணவருக்குச் சொந்தக் கருத்து கிடைத்துவிடும். இணையத்தில் உள்ள எந்தக் கதைச்சுருக்கமும் அதைத் தந்துவிட முடியாது.

இங்கே மலேசிய மாணவர்கள் மறந்துவிடக்கூடாத மற்றொன்றும் உண்டு. சிறந்த நாவல் என்றதும் பலருடைய மனம் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கே செல்கிறது. சப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏராளம். இந்தத் துயரத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும் பதிவு செய்துள்ளனர். ஒரே நிகழ்வை இரண்டு மலேசிய எழுத்தாளர்கள் எவ்வாறு அணுகியுள்ளனர் என்று ஒப்பிட்டாலே ஒரு நல்ல கட்டுரை பிறக்கும். அந்தப் பாதைக்குச் சென்று திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு, அம்மாணவரின் வீட்டிலேயேகூட இருக்கக்கூடும்.

உள்நாட்டு நாவல்களைப் பற்றிய திறனாய்வுகள் குறைவு. எனவே, மாணவர்களுக்கு அவை கடினம் என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. துணைக்கு நூல்கள் இருந்தால் தொடக்க நிலையில் உள்ளவருக்குத் தைரியம் பிறக்கும். ஆனால், பிறர் நூறு முறை சொன்னதை நூற்றோராவது முறையாகச் சொல்வதைவிட, எவரும் அதிகம் பேசாத ஒரு நூலைப் பற்றி நான்கு வரியாவது தாமே சிந்தித்து எழுதுவது மேலானது.

மேலும், எந்த நாவலும் பிறக்கும்போதே ‘சிறந்த நாவல்’ என்ற பட்டத்துடன் பிறப்பதில்லை. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியபோது, அதுவும் ஒரு புதிய நூலாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த தலைமுறையினர் வாசித்துப் பேசி, எழுதியதால்தான் அது நிலைத்தது. வாசிப்பார் இல்லாத நூல் எவ்வளவு உயர்ந்ததாயினும் நூலக அலமாரியிலேயே உறங்கிவிடும். மாணவர் எழுதும் சிறு கட்டுரைகூட ஒரு நூலை விழித்திருக்கச் செய்யும் பணியில் பங்கு கொள்கிறது.

ஆகவே, பட்டியலில் உள்ள இரண்டு மூன்று நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் முப்பது பக்கங்களை வாசித்துப் பார்ப்பதே நல்ல தொடக்கமாகும். எந்த நூலை மூடி வைத்த பிறகும் அதிலுள்ள ஒருவரைப் பற்றிய எண்ணம் மாணவரை விட்டு அகலவில்லையோ, அதுவே அவர் எழுத வேண்டிய நாவல்.