காரணிப்படுத்தலும் கடைசி பெஞ்சும்

போன தை மாதம் ஒருநாள் ராத்திரி, எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தேன். பிசிர் வெட்டுவதற்காக அம்மாக்கள் கொண்டுவந்து போட்ட பனியன் கட்டுகளுக்கு நடுவில்தான் எங்கள் வகுப்பு. எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் எக்ஸ், கழித்தல் 12 என்று பலகையில் எழுதி, "இதைக் காரணிப்படுத்து கண்ணு" என்றேன். ஒரு பெண்பிள்ளை நோட்டைத் திறக்கவே இல்லை.

"எங்களுக்கு இது வேண்டாமுங்ணா. எங்க பெஞ்சுக்கு கிராப்பும் ஜாமெட்ரியும் போட்டாப் போதும்னு சார் சொல்லீட்டாருங்க."

"எங்க பெஞ்சுன்னா யார் யாரு?"

பேர்களைச் சொன்னாள். ஒருத்தன் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன். மற்ற அத்தனையும் நம் பிள்ளைகள்.

இந்தக் கடைசி பெஞ்சு திருப்பூரில் ஒரு பள்ளியில் மட்டும் இருப்பதல்ல. அந்த ஆசிரியரும் கெட்ட மனிதர் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டு என்று மேலே இருந்து அவர் கழுத்தைப் பிடிக்கிறார்கள். அவர் போட்ட கூட்டல் இதுதான்: வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8, ஒரு மார்க்குக் கேள்வி 14. ஆக 30. இரண்டு மார்க்கில் மூன்றை மனப்பாடம் செய்தால் 36. பாஸ். இதற்கு 'மெல்லக் கற்போர்' என்று ஒரு கௌரவமான பெயரும் உண்டு. மெல்லக் கற்பவன் யார் என்று முடிவு செய்தது எது? அந்தப் பிள்ளையின் மூளையா, அது உட்கார்ந்திருக்கும் பெஞ்சா?

36 மார்க்கு பாஸ் போட வைக்கும், பிளஸ் ஒன்னில் கணக்குள்ள குரூப்பில் இடம் வாங்கித் தராது. கொடுத்தாலும் முதல் மாதமே இயற்கணிதம் தெரியாமல் பிள்ளை முழிக்கும். பிறகு என்ன? பனியன் கம்பெனி வேன் காலையில் காலனி வாசலுக்கே வருகிறது, ஏறிக்கொள்ள வேண்டியதுதான். 2022-23இல் 30,000 கோடி ரூபாயைத் தாண்டி ஏற்றுமதி செய்த ஊருக்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் எந்தத் தெருவிலிருந்து வர வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையிலேயே முடிவாகி விடுகிறது.

இதிலே ஒரு வேடிக்கை. அதே கோவைக்குக் கிராப் போடச் சொன்னேன். வளைகோட்டை அந்தப் பிள்ளை அழகாக வரைந்தாள். அது எக்ஸ் அச்சை கழித்தல் 4இலும் 3இலும் வெட்டியது. "இந்த ரெண்டு எண்ணும் எங்கேயிருந்து வந்துச்சு கண்ணு?" என்று கேட்டால் தெரியவில்லை. எக்ஸ் கூட்டல் 4, எக்ஸ் கழித்தல் 3 என்ற இரண்டு காரணிகளைப் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கோவை. எந்தக் காரணி பூஜ்யமாகிறதோ அங்கே கோடு அச்சை வெட்டுகிறது. உனக்கு வேண்டாம் என்று எதைத் தள்ளினார்களோ, அதன் படத்தைத்தான் மார்க்குக்காக வரைய வைத்திருக்கிறார்கள். அர்த்தம் முன் பெஞ்சுக்கு, படம் நமக்கு!

காரணிப்படுத்துதல் என்பது தைத்த பனியனைப் பிரித்து எந்தெந்தத் துண்டை மூட்டினார்கள் என்று பார்க்கிற வேலை. பெருக்கினால் கழித்தல் 12, கூட்டினால் 1 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். 12ம் கழித்தல் 1ம்? கூட்டினால் 11, சரியில்லை. 6ம் கழித்தல் 2ம்? கூட்டினால் 4, அதுவும் இல்லை. 4ம் கழித்தல் 3ம்? சரி. ஒரு சரிக்கு முன்னால் இரண்டு தப்பு. இப்படி ஐம்பது கணக்குப் போட்டால்தான் எண்களைப் பார்த்ததும் கை தானாக ஓடும். தப்புப் போடுவதற்கு இடமில்லை என்றால் இந்தக் கணக்கு யாருக்கும் வராது.

நம் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்த இடம்தான். கம்பெனியில் ஒரு பீஸ் டேமேஜ் ஆனால் கூலியில் பிடிப்பார்கள் என்று கேட்டே வளர்கிற வீடு. வகுப்பிலே ஆதிக்க சாதிப் பையன் தப்புப் போட்டால் கவனக்குறைவு. நம் பையன் போட்டால் "உங்களுக்கெல்லாம் இது எங்கடா ஏறும்?" அவனுடைய தப்பு நோட்டோடு போகும், நம்முடைய தப்பு சாதிக்குப் போகும். நானும் பத்தாவதில் ஒரே ஒருமுறை பலகைக்குப் போய்க் குறியை மாற்றிப் போட்டேன். வாத்தியார் கேட்ட கேள்விக்கு வகுப்பே சிரித்தது. அப்புறம் பலகைப் பக்கமே போகவில்லை. கைமடிக்கப் போனேன். தபால் வழியில் படித்து அந்தக் கணக்கை மறுபடி பிடிக்க நாற்பது வயசாயிற்று.

பலகைக்கும் நமக்கும் உள்ள பகை பழசு. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கரை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய் எடுத்ததை தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். இன்றைக்கு டப்பாவை யாரும் எடுப்பதில்லை. பலகைக்கே கூப்பிடுவதில்லை.

நம் தோழர்களில் சிலரும் கேட்கிறார்கள்: "உழைக்கிற சனத்துக்கு எக்ஸ் ஸ்கொயர் எதுக்குங்க? வாழ்க்கைக்கு உதவுற கல்வி வேணும்." 1953இல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது சொன்ன நியாயமும் இந்த மாதிரிதான் இருந்தது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், 1954இல் காமராசர் அதை எடுத்தார். வாசல் வழியே போனதை ஜன்னல் வழியே நாமே அழைக்கலாமா? உதவுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 1984இல் இதே திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி என்பது என்ன? விலைவாசி ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும் என்பது. மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணை வைத்துக் கூலியை எழுதுவது. இயற்கணிதத்தில் 'மாறி' என்பது அதைத்தான். 127 நாள் பட்டினி கிடந்த சனத்துக்கு எக்ஸ் எதுக்கு என்று கேட்பது சரியில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களின் போராட்டத்தில் பாப் மோசஸ் என்று ஒருவர். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின உழவர்களை வாக்காளராகப் பதிவு செய்ய அடிபட்டு உழைத்தவர். 1982இல் அவர் தொடங்கியது 'அல்ஜீப்ரா புராஜெக்ட்'. அன்றைக்கு ஓட்டுரிமை எப்படியோ அப்படியே இன்றைக்கு அல்ஜீப்ரா, அது தெரியாதவன் புதிய காலத்தின் பண்ணையாள் என்பது அவருடைய வாதம். 2021இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. பிள்ளைகளைப் பாஸ்டன் பாதாள ரயிலில் கூட்டிப்போய், முன்னே போகும் நிறுத்தம் கூட்டல், பின்னே வருவது கழித்தல் என்று தொடங்கினார். நமக்குப் பழைய பஸ் ஸ்டாண்டும் டவுன் பஸ்சும் இருக்கிறது.

என்ன செய்யலாம்? பள்ளிகளில் சாதி வெறியைத் தடுக்க 2024இல் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. பலகைக்கும் அதே வரிசை வேண்டும். வருகைப் பதிவேட்டுப்படி தினம் ஐந்து பேர் போகட்டும், தப்பாகவே போடட்டும், போட்டுப் பழகட்டும். பயிற்சிக் கணக்கை டியூஷனுக்குத் தள்ளாமல் பள்ளி நேரத்திலேயே செய்ய வைக்கட்டும். குரூப்பை முடிவு செய்யும் பாடத்தை 'மெல்லக் கற்போர்' என்று சொல்லி எந்தப் பிள்ளையிடமிருந்தும் பிடுங்கக் கூடாது.

இதைக் கேட்கவும் இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அரை நாள் கூலி போனாலும் போகட்டும். அடுத்த கூட்டத்துக்கு நம் காலனி அம்மாக்கள் போக வேண்டும். பிள்ளை பாஸாகுமா என்று கேட்டது போதும். எழுந்து நின்று இதைக் கேளுங்கள்: "எம்புள்ள இந்த மாசம் எத்தன தடவ பலகைக்கு வந்துச்சுங்க சார்?"