ஓட்டு இல்லாதவனுக்கு வாயாவது இருக்கட்டும்

என் அக்கா மகனின் பக்கத்தில் ஒரு வாரமாக நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே போய் நானும் கமென்ட் போட்டால் அது இன்னொரு சண்டையாகும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவன் டோக்கியோவில் எடோகாவா வார்டில், நிஷி கசாய் என்கிற இடத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. உங்களில் பலருக்கு வகுப்புத் தோழன். இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி அது. 2000-ஆம் ஆண்டுக் கம்ப்யூட்டர் பிரச்சினையைச் சரிசெய்யப் போனவர்கள் அங்கே குடியேறி, பிறகு மளிகைக் கடை, இந்தியப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஊர் வாழ்க்கையையும் செய்தியையும் தமிழில் எழுதுகிறான். ரயில் ஒரு நிமிஷம் தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள் என்று எழுதியபோது நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். போன வாரம், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதில் உள்ள கஷ்டத்தையும், தேர்தலில் அவர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சையும் எழுதினான். உடனே, "அந்த நாட்டு உப்பைத் தின்றுவிட்டுக் குறை சொல்லலாமா?" என்று நம் மாமா எழுதினார். "பிடிக்கலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடச் சொல்லுங்க டீச்சர்" என்று என் பழைய மாணவர் ஒருவர். (உன் கையெழுத்தைப் போலவே உன் கமென்டும் எனக்குத் தெரியும் தம்பி.)

மாமா, முதலில் உப்புக் கணக்கைப் பார்ப்போம். அவன் அங்கே விருந்தாளி இல்லை. வருமான வரி கட்டுகிறான். அதற்கு மேல் வருமானத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு உள்ளூருக்கான குடியிருப்பு வரி. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சந்தா தனி. எரிகிற குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள் என்று பிரித்து, காலையில் காக்காய் வலைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறான். அவன் தின்கிற உப்பு அவன் காசில் வாங்கியது.

இனி ஓட்டுக் கணக்கு. எனக்கு முக்கியம் இதுதான். ஜப்பானில் அவனுக்கு ஓட்டு கிடையாது. பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வாங்கினாலும் கிடையாது. நாடாளுமன்றத் தேர்தல் இருக்கட்டும், அவன் குப்பையை எந்தக் கிழமை எடுப்பது என்று தீர்மானிக்கிற உள்ளூர் சபைக்குக்கூட அவன் ஓட்டுப் போட முடியாது. வேண்டுமென்றால் ஜப்பான் குடிமகனாக மாற வேண்டும். மாறினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடும் ஏற்பதில்லை. அப்படி மாறிய மகாராஷ்டிரக்காரர் யோகேந்திர புராணிக், 2019-ல் இதே எடோகாவா வார்டு சபைக்கு ஜெயித்தார். பிறகு ஜப்பானில் ஓர் அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் இருந்தார். எனக்கு என்னவோ இரண்டாவதுதான் பெரிய செய்தி!

சரி, இங்கேயாவது அவனுக்கு ஓட்டு உண்டா? சட்டப்படி உண்டு. 2010 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப்போட பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். ஒரு ஓட்டுக்காக டோக்கியோவிலிருந்து தேனாம்பேட்டைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? ஆக, வரி கட்டுகிற ஊரில் ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிற ஊருக்கு வர வழியில்லை. மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை எழுதுகிற அந்த இரண்டு பக்கம்தான். அதையும் எழுதாதே என்றால் எப்படி?

அவன் எழுதுகிறபோதுதான் வாட்ஸ்அப்பில் வராத ஜப்பான் தெரிகிறது. நம் குடும்பக் குழுவில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு வீடியோ வருகிறது: ஜப்பான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே பெருக்குகிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள், நம் பிள்ளைகளைப் பாருங்கள் என்று. நான் முப்பத்து நான்கு வருஷம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் துடைப்பம் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் பெண் பிள்ளைகள் கைக்கு. அவர்களிலும், எந்தத் தெருவிலிருந்து வருகிறவள் என்று பார்த்து. ஈரோடு மாவட்டத்தில் 2022-ல் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானதைப் படித்திருப்பீர்கள். ஜப்பானில் அது ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள் என்பது. டாக்டர் பிள்ளையும் பெருக்கும், டீச்சரும் கூட நின்று துடைப்பார். அந்த வீடியோவை அனுப்புகிறவர்கள் இதைச் சேர்த்து அனுப்புவதில்லை. அவன் எழுதினான்.

அதே பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். அவன் மகன் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிட மாட்டான். வகுப்பாசிரியர் மாதா மாதம் சாப்பாட்டுப் பட்டியலில் அந்த நாட்களை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புகிறார், அன்றைக்கு வீட்டிலிருந்து டப்பா போகிறது. இதையும் அவன்தான் எழுதினான். புகழ வேண்டியதைப் புகழ்ந்துதான் வருகிறான்.

அரிசிக் கதையைப் பாதிப் பேர் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2025 மே மாதத்தில் அங்கே ஐந்து கிலோ அரிசி 4,200 யென்னைத் தாண்டியது. நம் பணத்தில் சுமார் 2,500 ரூபாய். ஒரு வருஷத்துக்கு முன் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர் டாகு எட்டோ, நான் அரிசியே வாங்கியதில்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். மே 21-ஆம் தேதி பதவி போனது. அரசாங்கம் சேமிப்புக் கிடங்கிலிருந்த பழைய அரிசியை எடுத்து ஐந்து கிலோ 2,000 யென் அளவில் விற்க, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஜப்பானியர்கள் ரேஷன் கடை வரிசைபோல நின்றதை நம் வாட்ஸ்அப் எதிலும் நான் பார்க்கவில்லை.

இனி சண்டைக்குக் காரணமான விஷயம். 2025 ஜூலை 20-ஆம் தேதி நடந்த மேலவைத் தேர்தலில், 'ஜப்பானியரே முதலில்' என்று பேசிய சன்செய்டோ கட்சி 14 இடங்களில் ஜெயித்தது. 2022 தேர்தலில் அதற்குக் கிடைத்தது 1. ஜப்பானில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான் வெளிநாட்டுக்காரர்கள். விலைவாசி, சம்பளம் ஏறாதது, ஊர்கள் காலியாவது என்று அந்த நாட்டுக்கு ஆயிரம் கவலை. பழி இந்த மூன்று பேர் மேல் விழுகிறது.

ஆகஸ்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜைக்கா என்கிற அரசு நிறுவனம், நம் சென்னை மெட்ரோவுக்குக் கடன் கொடுத்ததே, அதேதான். நான்கு ஜப்பானிய ஊர்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளோடு நட்பு ஊர்களாக இணைக்கிறோம் என்று அறிவித்தது. ஆப்பிரிக்கர்களுக்குத் தனி விசா கொடுத்துக் குடியேற்றப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. அந்த ஊர் அலுவலகங்களுக்கு ஓயாமல் தொலைபேசி. அப்படி எதுவும் இல்லை என்று அரசாங்கமே சொல்லியும் அடங்கவில்லை. செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். அக்டோபரில் சிறு தொழில் விசாவுக்கான முதலீட்டை 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்த்தினார்கள். சின்னதாக தோசைக் கடை வைக்க நினைத்தவர் இனி என்ன செய்வார்?

இதையெல்லாம் எழுதினால் நன்றி கெட்டவனா? 2017-ல் அந்த நாட்டு நீதித்துறை அமைச்சகமே ஓர் ஆய்வை வெளியிட்டது. வீடு தேடிய வெளிநாட்டுக்காரர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில், வெளிநாட்டுக்காரர் என்பதற்காகவே மறுக்கப்பட்டிருந்தார்கள். அரசாங்கமே சொன்னதைத்தான் இவனும் சொன்னான், கூடவே தனக்கு இரண்டு வீடு கை நழுவிய கதையையும்.

அவன் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ரயிலில் தன் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது என்று ஒருமுறை மனம் வருந்தி எழுதியிருந்தான். அது அவன் மனசில் இருக்கிற காயம் பேசுகிற பேச்சு என்று எனக்குத் தோன்றியது. நம் பஸ்ஸில்கூடப் பக்கத்து இருக்கையில் உட்காராமல் நின்றே வருகிறவர்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் காரணம் தேட முடியாது. போனில் சொன்னேன். "சித்தி, நீங்க ஒருநாள் இங்க வந்து உட்கார்ந்து பாருங்க" என்றான். அந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மாமாவுக்கு இன்னொன்று. தேனாம்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தால் 'டு லெட்' பலகைகளைப் படிக்கலாம். சைவம் மட்டும், குடும்பத்துக்கு மட்டும். பலகையில் எழுதாமல் வாயால் கேட்பது தனி. இங்கே மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டுகிற பீகார்ப் பையனுக்கு யார் வீடு கொடுக்கிறோம்? 2023 மார்ச்சில் வட இந்தியத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, அந்தப் பிள்ளைகள் பயந்து ரயில் ஏறினார்கள். நம் ஊரைப் பற்றிப் பொய் சொல்கிறார்களே என்று நமக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் அதே வாரம் நம் குழுவிலேயே, "இவனுங்க போனா நல்லதுதான்" என்று எழுதினவர்கள் உண்டு. அந்தப் பையன் இந்தியில் இதை எழுதினால் அவனையும் உப்புக் கேட்போமா?

கடைசியாக, என் மாணவர்களின் பிள்ளைகளுக்கு. ஜப்பான் துணைத் தூதரகம் நம் தேனாம்பேட்டை செனடாப் ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் விவரம் கேட்டு என்னிடம்தான் வருகிறீர்கள். 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ போனபோது, ஐந்து வருஷத்தில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்மிகு பணியாளர்களை ஜப்பானுக்கு அனுப்புவது என்று இரு நாடும் பேசி முடித்திருக்கின்றன. நல்ல வாய்ப்பு, போங்கள். ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது. ஆனால் வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், ஜாமீன் நிறுவனம் கேட்பார்கள், வசிப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், 2024-ல் திருத்திய சட்டப்படி வேண்டுமென்றே வரி பாக்கி வைத்தால் பி.ஆர். கூடப் பறிபோகலாம். பணம் வாங்குகிற ஏஜென்ட் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்வாரா? இவன் காசு வாங்காமல் சொல்கிறான்.

வரும் ஞாயிறு அந்த அன்பளிப்புப் பணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறானாம். மாமா, நீங்களும் படியுங்கள். தப்பு என்று பட்டால் எது தப்பு என்று கேளுங்கள், பதில் சொல்வான். "வந்துவிடு" என்று மட்டும் கமென்டில் போடாதீர்கள். அக்காவும் அதைப் படிக்கிறாள்.