ஒரு வாய் காபிதானே என்பவர்களுக்கு

மூளை அறுவை சிகிச்சை முடிந்து ஐசியுவில் இருக்கும் அப்பாவுக்கு, நர்ஸ் அந்தப்பக்கம் போனதும் ஒரு வாய் காபி ஊட்டுவதைப் பாசம் என்கிறார்கள். இல்லை, ஆபத்து. விழுங்க வைப்பதும் மூளைதான். அது தடுமாறினால் காபி நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். "இருமவே இல்லையே" என்று வாதாடாதீர்கள்; இருமாமலும் உள்ளே இறங்கும்.

மூக்குக் குழாய் இருந்தாலும் வயிற்றில் உள்ளது மேலேறிப் புரையேறலாம். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பதும், வாயைச் சுத்தம் செய்வதும் அதற்காகத்தான்.

ஆனால் குடும்பத்தை மட்டும் திட்டமாட்டேன். கட்டிலில் 'என்பிஓ' என்று மாட்டினால் யாருக்குப் புரியும்? "வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்" என்று தமிழில் எழுத என்ன செலவு? முதல் வாய் கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை செய்தீர்களா?

புரியும்படி நடத்தாமல் மாணவனை ஃபெயிலாக்குவது வாத்தியாருக்கும் அழகல்ல, ஆஸ்பத்திரிக்கும் அழகல்ல.