இஞ்சினின் வலியும் போடிமெட்டுச் சாலையும்

தமிழ் பயிலும் மாணவர் மோட்டார் வண்டியின் இஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது நம் கல்லூரி அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். பெயரெச்சத்துக்கும் பிஸ்டனுக்கும் யாது இயைபு என அவர் வினவலாம். ஆயின் யாம் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தோம். விடுமுறைக்கு ஊர் சென்றால் தேனியிலும் சின்னமனூரிலும் போடியிலும் எம்மொத்த வயதினர் கூடுமிடங்களில், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாகச் செவியில் விழும் பேச்சு இதுவே. டர்போ அமைந்த சிறு காரொன்றின் இஞ்சினைப் பிரித்து, உள்ளுறுப்புக்களை மாற்றிக் கூட்டி, தயாரித்தோர் அளித்ததினும் மிகுந்த வலியை அதினின்று பெறுவது எங்ஙனம் என்பதே அப்பேச்சின் சாரம். இதனைக் கேட்கும் பெரியோர், "பிள்ளைகள் கெட்டன" என்று கூறி அகலுகின்றனர். பிள்ளைகளோ, பெரியோர்க்கு யந்திரம் அறியாதென்று கூறி அகலுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கேளாமையாலேயே தீங்கு விளைகின்றதென்பது எமது கருத்து.

முதற்கண், டர்போ என்பது வெறும் வேகப் பித்தினாற் பிறந்ததொன்றன்று. இஞ்சினினின்று வெளியேறும் புகை பெரும் வெப்பத்தோடும் விசையோடும் வீணே போகின்றது. அப்புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் அச்சின் மறுபுறத்துள்ள மற்றொரு சக்கரத்தாற் புறக்காற்றை நெருக்கி இஞ்சினுக்குட் செலுத்தலாமென்று கண்டு, ஆல்பிரட் பியூஷி என்னும் ஸ்விஸ் நாட்டு யந்திர அறிஞர் 1905ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். மலையின் மேற் காற்று மெலிந்திருத்தலால் இஞ்சின் மூச்சு முட்டும். இக்குறையைத் தீர்க்க வல்லதோ இக்கருவி என்று சோதிக்க, 1918இல் அமெரிக்க நாட்டுச் சான்போர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான இஞ்சினைப் பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்கே கொண்டு சென்றார். அவ்வுச்சி 14,000 அடிக்கு மேற்பட்டது. கடல் மட்டத்தில் ஏறக்குறைய 350 குதிரைத்திறன் தந்த அவ்விஞ்சின் மலைமேல் 230 அளவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் இழந்ததனைத்தையும் மீளப் பெற்றது.

இவ்வரலாற்றை யாம் ஈண்டு எடுத்துரைத்தது வாளாவன்று. போடிநாயக்கனூரினின்று போடிமெட்டுக்கு ஏறும் சாலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்கின்றது. அடிவாரத்துக் காற்றினும் மெட்டின் காற்று பத்திலொரு பங்கு மெலிந்தது. டர்போ இல்லாத வண்டி அப்பங்கை அப்படியே இழக்கும். டர்போ உள்ளதோ பெரும்பாலும் இழவாது. ஆகவே, தட்டையான நாட்டில் அலங்காரமாகத் தோன்றும் இக்கருவி நம் பள்ளத்தாக்கில் உழைப்பாளியேயாம். அதனை விரும்பும் இளைஞனை வீண்விருப்பினன் என ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

இனி, வலியைப் பெருக்குதல் என்னும் செயலுக்கு வருவோம். இதில் இரு வழிகள் உள. ஒன்று எளிது. இக்காலத்து வண்டிகளில் எரிபொருளையும் தீப்பொறியையும் காற்றின் அழுத்தத்தையும் ஆளுவது ஒரு சிறு கணினியாகும். அதன் எண்களை மாற்றிவிட்டால் டர்போ முன்னிலும் கூடுதலாகக் காற்றை நெருக்கும். அரை நாளில் வண்டி பாயும். மற்றொன்று அரிது. இஞ்சினை இறக்கி, முற்றும் பிரித்து, அளந்து, தக்க உறுப்புக்களைத் தேர்ந்து மீளக் கூட்டுதல். முன்னதைச் செய்தோர் பலர். பின்னதைச் செய்தோர் சிலர். வியப்பு யாதெனில், முன்னதைச் செய்தோரே மிகுதியாகப் பேசுகின்றனர்.

எண்களை மட்டும் மாற்றினால் நேர்வதென்ன? காற்றை நெருக்கினால் அது சுடும். முப்பத்தைந்து பாகை வெப்பமுள்ள தேனிக் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கும் டர்போவினின்று அக்காற்று ஏறக்குறைய 130 பாகை வெப்பத்தோடு வெளிப்படும். இடையே இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் உண்டெனினும், அது தொழிற்சாலையார் கருதிய அளவுக்கே போதியது. சூடேறிய காற்றும் பெட்ரோலும் ஸிலிண்டருக்குட் புகுந்தால் தீப்பொறி தோன்றுமுன்னரோ தோன்றியபின் ஒழுங்கின்றியோ வெடிக்கும். பட்டறைகளில் இதனை 'நாக்கிங்' என்பர். சுத்தியலால் அடித்தாற்போன்ற அவ்வடியைத் தாங்குவது பிஸ்டன். சாதாரண வண்டிகளின் பிஸ்டன் வார்த்தெடுக்கப்பட்ட அலுமினியம். கடினமாயினும் நொறுங்குந் தன்மையது. ரிங்குகளைத் தாங்கும் அதன் விளிம்பு முதலில் உடையும். அதன்பின் எண்ணெய் புகையாகும், இஞ்சின் குப்பையாகும்.

அரிய வழியிற் செல்வோன் இவற்றையெல்லாம் முன்னரே எண்ண வேண்டியவனாகின்றான். அடித்து உருவாக்கிய பிஸ்டனைப் போடுகின்றான். அது வார்ப்புப் பிஸ்டனினும் மிகுதியாக விரிவடைவதாகலின் ஸிலிண்டரின் போரைச் சற்று அகலமாக விடுகின்றான். ரிங்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள வெளியையும் கூட்டுகின்றான். இன்றேல் வெப்பத்தில் முனைகள் முட்டிப் பிஸ்டனையே பிளக்கும். கனெக்டிங் ராடும் அதன் போல்டும், ஹெட் கேஸ்கட்டும், பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும், எண்ணெயின் ஓட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கவலையாகின்றன. கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே விட வேண்டிய வெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் நாலைந்து பங்கே. தலைமயிரின் தடிப்பை அளந்து வேலை செய்யும் ஒருவனைக் 'கைவேலைக்காரன்' என்றும், தேர்வுக்காக நூற்பா நெட்டுருச் செய்யும் எம்மனோரைக் 'கற்றோர்' என்றும் உலகம் அழைப்பது எமக்கு நெடுநாளாக விளங்காத புதிர்களுள் ஒன்று.

இவ்வேலையின் பெருமைக்குச் சான்று வேண்டுவோர் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் வரலாற்றைக் காண்க. அவர் 1973இல் தம் சாதாரண நாலு ஸிலிண்டர் காருக்கு டர்போவைப் பூட்டி 170 குதிரைத்திறன் பெற்றனர். அதே வார்ப்பிரும்புக் கட்டையின் வழிவந்த 1,500 சி.சி. இஞ்சினைப் பூட்டிய வண்டியில் நெல்சன் பிக்கே 1983இல் பார்முலா ஒன் உலக வாகையைச் சூடினார். பின்னாளில் அவ்விஞ்சினிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறனையும் வாங்கினர். ஆயினும் அத்துணை வலியை அது தந்தது தகுதிச் சுற்றின் சில நிமிடங்களுக்கே. பின்னர் அதனைக் கழற்றி எறிந்தனர். இப்பின்பகுதியை நம் நண்பர் கதை சொல்லும்போது விட்டுவிடுகின்றனர்.

அயல்நாடு வரை செல்லவும் வேண்டுவதில்லை. வெள்ளையரொருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துக் கூட்டியே யந்திர அறிவு பெற்றவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, 1920இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அந்நகரத்துக் கரிவரதன், மாருதி 800 காரின் எளிய இஞ்சினைக் கொண்டே பந்தய வண்டிகளைச் சமைத்துப் பல இளைஞரைக் களத்திலேற்றினார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்தார் டாட்டா நிறுவனத்தோடு கூடி 2018இல் ஒரு டியாகோ வண்டியை வெளியிட்டனர். சாதாரண டியாகோவில் 85 ஆக இருந்த குதிரைத்திறன் டர்போ இஞ்சினால் 114 ஆயிற்று. அவர் இஞ்சினோடு நின்றிலர். தாங்குவில்லையும் சக்கரங்களையும் பற்சக்கர விகிதத்தையும் உடன் மாற்றினர். அக்கூட்டு முயற்சி 2020இல் முடிவுற்றதெனினும், வேலையின் முறையை நமக்குக் காட்டிச் சென்றது. ஓருறுப்பின் வலியைக் கூட்டினால் ஏனையவும் ஈடு கொடுக்க வேண்டும். மயிலிறகையே ஏற்றினும் அளவு மிஞ்சினால் வண்டியச்சு முறியுமென்று வள்ளுவர் கூறியதை நாம் ஓதியன்றோ தேர்வெழுதுகின்றோம்!

இங்கேதான் எம் நண்பரோடு யாம் பிணங்குவது. அவர்கள் வண்டி ஏறுவதையே எண்ணுகின்றனர், இறங்குவதை எண்ணுகின்றிலர். ஆயிரத்திருநூறு கிலோ எடையுள்ள கார் மெட்டினின்று ஆயிரம் மீட்டர் இறங்குங்கால் விடுவிக்கப்படும் ஆற்றல், குளிர்ந்த நீர் முப்பது லிட்டரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. காற்றும் கியரும் ஒரு பங்கைத் தாங்க, எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகின்றது. அன்றியும், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி எண்பதில் வருமாயின் வேகம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. நிறுத்த வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேற் கூடுகின்றது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. புதிதாயிருக்கும்போது 230 பாகை வரை கொதியாத எண்ணெய், ஈரமேறினால் 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதித்தால் மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. இஞ்சினுக்கு இலட்சக்கணக்கிற் செலவிட்டவர், சில நூறு ரூபாய் பெறுமான இவ்வெண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாதிருப்பதை யாம் கண்டிருக்கின்றோம்.

அச்சாலை எவருடையதென்பதும் எண்ணத்தக்கது. விடியுமுன்னரே போடி, தேவாரம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களினின்று ஏலத்தோட்டக் கூலிகள், பெரும்பாலும் பெண்டிர், ஜீப்புக்களில் நெருங்கியமர்ந்து மலையேறுகின்றனர்; மாலையில் இளைத்து இறங்குகின்றனர். ஐயப்பன்மலை யாத்திரிகர் குமுளி வழியே செல்கின்றனர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்மலைச்சாலையில் யாத்திரை முடித்துத் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்தார் எண்மர் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டனர். அவ்வண்டி வலி பெருக்கிய வண்டியன்று, சாதாரண வண்டியே. சாதாரண வண்டிக்கே இடங்கொடாத வளைவில், அளவு மீறிய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவருதல் எவ்வாறு பொருந்தும்? எதிரே வரும் ஜீப்பிலிருக்கும் தாய்மாரை எவரும் இச்சோதனைக்குச் சம்மதம் கேட்டாரல்லர்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தோர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாதென்கின்றது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, மாற்றமொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணத்துக்கும் வழக்காட நேரும். எனினும், சட்டத்தைக் காட்டி மட்டும் இளைஞரைத் தடுத்துவிடலாமென்று யாம் நம்புகின்றிலோம். தடுத்தால் அவ்வேலை ஒளிவில் நடக்கும். ஒளிவில் நடக்கும் வேலையில் அளவுகோலுக்கு இடமிராது. எண்களை மாற்றும் எளிய வழியே மிஞ்சும்.

ஆகவே யாம் வேண்டுவது களம். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் 2003இல் திறந்த பந்தயச் சாலையுண்டு; சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் மற்றொன்றுண்டு. அங்கே எதிர்வண்டி இல்லை, பள்ளமில்லை, மருத்துவர் உளர். ஆயின் தேனியினின்று செட்டிபாளையம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ஏழைப் பட்டறைப் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவு. போடியில் அரசுப் பொறியியற் கல்லூரி ஒன்றிருக்கின்றது. இஞ்சினை மேடையிற் பூட்டி அதன் வலியையும் வெப்பத்தையும் அளக்கும் டைனமோமீட்டரை, மாதத்தில் இரு நாளேனும் தம் மாணவர்க்கன்றிப் பட்டறைத் தொழிலாளர்க்கும் அத்தகைய கல்லூரிகள் திறந்துவிட்டாலென்ன? நான்கு சுவர்க்குள்ளே இஞ்சின் வெடித்தால் நட்டம் ஓர் இஞ்சினே. ஜீப்புக்களை இத்தனை ஆண்டு மலையேற்றிப் பழகிய முதிய மெக்கானிக்குகள் அறிந்ததைப் பொறியியல் மாணவரும், மாணவர் கற்ற கணக்கை மெக்கானிக்குகளும் அம்மேடையருகே நின்று மாற்றிக்கொள்ளலாம். எம்மைப்போன்ற தமிழ் மாணவர்க்கும் அங்கு வேலையுண்டு: பட்டறையில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, எளிய தமிழில் ஒரு கைந்நூல் எழுதித் தரலாம். ரிங் இடைவெளியின் அளவைத் தாய்மொழியிற் படித்தறிய இயலாமையாற் பிளந்த பிஸ்டன்கள் எத்தனையோ!

இஃது ஈடேறும் வரை, இஞ்சினைக் கூட்டி முடித்த நண்பர் எவரேனும் எம்மை மெட்டுக்கு அழைப்பாராயின் யாம் மகிழ்வோடு வருவோம். முதலில் பிரேக் எண்ணெயை மாற்றிய ரசீதைக் காட்டுவாராக.