நூலுக்கு ஆராய்ச்சி, ஆளுக்கு அதட்டல்

கருமத்தம்பட்டி நால்ரோட்டில் ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கும் மில் சூப்பர்வைசர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: 'ஆட்களை வேலை வாங்குறதை எங்கே கத்துக்கிட்டீங்க?' சிரிப்பார். நேற்றுவரை மெஷினை நன்றாக ஓட்டினார். அல்லது முதலாளிக்குச் சொந்தம். அதுதான் தகுதி. மீதியெல்லாம் தனக்கு மேலே இருந்தவர் திட்டியதைக் கேட்டுக் கற்றது. 'அதட்டுனாத்தானுங்க வேலை நடக்கும்!'

நடக்குமா? அளந்து பார்த்தது யார்?

நூலை மட்டும் எப்படி அளக்கிறோம்! 100 ஸ்பிண்டிலில் மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று கணக்கு உண்டு. குற்றம் பஞ்சிலா, மெஷினிலா, காற்றின் ஈரத்திலா என்று ஆராய்ச்சி உண்டு. ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் நாலாம் மாசம் பெட்டியைக் கட்டினால் மட்டும் ஒரே வரி: 'இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமை இல்லீங்க.'

இத்தனைக்கும் அதே அவினாசி ரோட்டில் கோவைக்குப் போகிற வழியில் சிட்ரா இருக்கிறது. 1956-ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம். சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். அனுப்பச் சொன்னால், 'ஆளே பத்தலை, யாரைங்க அனுப்புறது?' ஆனால் கோட் போட்ட 'கோச்' ஒருவர் வந்து ஒருநாள் முழுக்கக் கைதட்டச் சொன்னால், ஷிஃப்ட்டையே நிறுத்தி உட்கார வைப்பார்கள்.

1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே.ரைஸ், தறியை விட்டுவிட்டு ஆட்களைக் கவனித்தார். வேலை 12 விதமாகத் துண்டு துண்டாகிக் கிடந்தது; யாருக்கு யார் பொறுப்பு என்றே தெளிவில்லை. சிறு குழுவிடம் சில தறிகளை முழுசாக ஒப்படைத்தால் என்ன என்றார். தொழிலாளர்களே பேசிக் குழு பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது. அதட்டல் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் மும்பைக்குப் பக்கத்து ஜவுளி ஆலைகள். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு செய்த சோதனை, 2013-ல் அச்சில் வந்தது. குலுக்கல் முறையில் ஆலைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் குறைகளைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். இன்னொரு பிரிவில் அதற்கு மேலும் 4 மாதம் கூடவே நின்று மாற்றிக் காட்டினார்கள். கூட நின்ற ஆலைகளில் முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவிகிதம் கூடியது. ஒருநாள் கைதட்டலில் அல்ல, 5 மாதத்தில்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம். பல வருஷம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பப் போனார்கள். கற்றுக்கொடுத்ததில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது. மானேஜர் மாறியது ஒரு காரணம். அதையும் மறைக்காமல் எழுதினார்கள். டாக்டர் மருந்து கொடுத்தால் மறுபடி வரச்சொல்லிப் பார்க்கிறாரே, அந்த மாதிரி. நம்மூர் கோச்சுகளில் கைதட்டிய மில்லுக்கு ஆறு மாசம் கழித்து நோட்டோடு திரும்பிப் போனவர் எத்தனை பேர்?

உங்கள் ஆபீஸிலும் டீம் லீடருக்குப் பயிற்சி என்று ஒருவர் வருவார். கேளுங்கள்: 'இதுக்கு முன்னால எங்கே செஞ்சீங்க? அதுக்கு முன்னால எத்தனை பேர் வேலையை விட்டாங்க, பின்னால எத்தனை பேர் விட்டாங்க?' நோட்டை எடுத்தால் உட்காரச் சொல்லுங்கள். மைக்கை எடுத்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.