முதுகு வலிக்கு ஊசிமுனை வைத்தியம்



சென்ற ஆண்டு என் மூத்த சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 61. நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலியால் துன்புற்று வந்தார். அடுப்படியில் சிறிது நேரம் நின்றாலும் வலி. ருகூவிலிருந்து நிமிர்வதோ பெரும் போராட்டம். நாற்காலியில் அமர்ந்தே தொழுது வந்தார். வலி மாத்திரைகளை விடாது உண்டதில் வயிறு புண்பட்டு, அவையும் நிறுத்தப்பட்டுவிட்டன. இந்நிலையில் ஒரு மருத்துவமனையில், "கத்தி இல்லை, தையல் இல்லை, ஊசி வழியே நரம்பைச் சுட்டுவிட்டால் வலி போய்விடும்" என்று கூறிப் பெருந்தொகை ஒன்றையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

லாத்தா என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ நாலெழுத்துப் படிச்சவன். இந்த ரெண்டு வளையலையும் வித்துடட்டுமா, சொல்லு."

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு மருத்துவம் தெரியாது. ஆயினும் அறியாமல் தலையசைப்பது தவறென்று கருதி, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்து கொண்டேன். இதே கேள்வி நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம் முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகளால் ஆனது. அவற்றின் பின்புறம் இருபக்கமும் சிறு மூட்டுகள் உள்ளன. இவற்றை ஃபேசட் மூட்டுகள் என்பர். குனியவும் நிமிரவும் திரும்பவும் துணைபுரிபவை இவையே. வயது முதிர்ச்சியாலோ, விபத்தில் கழுத்து உலுக்கப்படுவதாலோ இம்மூட்டுகள் வலிக்கத் தொடங்கலாம். அந்த வலியை மூளைக்கு எடுத்துச் செல்பவை மிக மெல்லிய கிளை நரம்புகள். கை கால்களை இயக்கும் பெருநரம்புகள் வேறு, இவை வேறு.

அந்தக் கிளை நரம்பைச் சூட்டினால் செயலிழக்கச் செய்வதே இச்சிகிச்சை. ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் என்பது அதன் பெயர். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே ஊசியை நரம்பின் அருகே கொண்டு செல்வர். சிறிதளவு மின்சாரம் செலுத்தி, காலுக்கோ கைக்கோ செல்லும் நரம்பு அருகில் இல்லை என்பதை உறுதி செய்வர். பின்னர் ஊசிமுனையை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் வைத்திருப்பர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு வாரம் ஊசியிட்ட இடம் நோகலாம். சிலருக்குத் தோல் மரத்திருக்கும் அல்லது எரியும்.

செயலிழந்த நரம்பு மீண்டும் வளரும் என்பதை மறத்தல் கூடாது. ஆகவே பலன் கிடைத்தாலும் அது நிரந்தரமன்று. சில மாதங்களோ, ஓராண்டோ, அதற்குச் சற்று மேலோ நீடிக்கலாம். வலி திரும்பினால் சிகிச்சையையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பலன் உண்டா என்னும் கேள்விக்கு மருத்துவ உலகின் விடை ஒன்றாக இல்லை. 1996ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வாகன விபத்துக்குப் பின் தீராத கழுத்து வலியுற்ற 24 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 80 டிகிரிச் சூடு. மறு பிரிவினருக்கு ஊசி மட்டும், சூடு இல்லை. வலி பாதியளவுக்குத் திரும்பிவர முதற் பிரிவினருக்கு நடுத்தரமாக 263 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 8 நாட்களே. அவர்கள் அனைவரும் சோதனை ஊசிகளால் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் நெதர்லாந்தில் 681 இடுப்பு வலியாளர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான மூன்று ஆய்வுகளின் முடிவு வேறாக இருந்தது. உடற்பயிற்சியுடன் இச்சிகிச்சையும் பெற்றோருக்கும், உடற்பயிற்சி மட்டும் செய்தோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்று வேறு வல்லுநர்கள் மறுத்தனர். 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டுதலோ, நாட்பட்ட முதுகெலும்பு வலிக்கு இச்சிகிச்சை வேண்டாம் என்றே வலியுறுத்தியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நடுவழியைக் காட்டிற்று: மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி மிதமாகவோ கடுமையாகவோ இருந்து, சோதனை ஊசியிலும் பலன் தெரிந்தால் மட்டுமே இதனைக் கருதலாம் என்பது அதன் கூற்று.

அந்தச் சோதனை ஊசி யாது? சுடுவதற்கு முன்னர், அதே நரம்பின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்திப் பார்ப்பதாகும். வலிக்கு அம்மூட்டே காரணமெனில், மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்திற்கு வலி பெருமளவு குறைய வேண்டும். குறையாவிட்டால் வலியின் ஊற்று வேறிடத்தில் உள்ளது. நரம்பைச் சுடுவதால் பயனில்லை. ஒரே ஊசி பொய்யான நம்பிக்கையைத் தரக்கூடும் என்பதால் இருமுறை சோதிப்போரும் உளர். ஸ்கேன் படம் இதற்கு ஈடாகாது. வலியே இல்லாதவர் படத்திலும் தேய்மானம் தெரிவதுண்டு.

லாத்தாவிற்குப் பணம் குறித்துக் கொடுத்தவர்கள் இச்சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் சோதனை ஊசியே போட்டார். அன்று மாலை வரை மணிக்கொரு முறை, பத்துக்கு எத்தனை வலி என்று மருமகள் நோட்டில் குறித்து வந்தாள். காலையில் ஏழு, நண்பகலில் ஏழு, அஸருக்கும் ஏழு. மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தச் சூடு உங்களுக்குரியதன்று" என்று தெளிவாகக் கூறிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

எனவே வாசகர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், சில வினாக்களைக் கேளுங்கள். பயிற்சியும் மருந்தும் போதிய காலம் முயலப்பட்டனவா? சோதனை ஊசி உண்டா? பலன் எவ்வளவு காலம்? மறுபடி செய்தால் செலவு என்ன? இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதால் காலில் மின்னலெனப் பாயும் வலிக்கு இது மருந்தன்று. காலில் பலம் குறைதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், தொடையிடுக்கு மரத்துப் போதல், வலியுடன் காய்ச்சல் ஆகியவை தோன்றின் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எட்டு மாதங்களாக லாத்தா பயிற்சிகளை விடாது செய்கிறார். காலையில் தெருமுனை வரை நடக்கிறார். வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் சுபுஹுத் தொழுகையை இப்போது நின்று தொழுகிறார். வளையல்கள் இரண்டும் அவர் கையிலேயே இருக்கின்றன.